விமானத்தில் சென்ட் பாட்டில்: பெட்டி கட்டுவது முதல் சுங்கம் தாண்டும் வரை

"சென்ட் பாட்டில் கொண்டு போக விடுவாங்களா?" முதல் முறை விமானம் ஏறப் போகிறவர்கள் பெட்டி கட்டும்போது தவறாமல் கேட்கும் கேள்வி இது. விடுவார்கள். கைப்பையிலும் விடுவார்கள், விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் செக்-இன் பெட்டியிலும் விடுவார்கள். எந்த அளவு பாட்டில் எந்தப் பையில் போக வேண்டும், வழியில் எத்தனை இடத்தில் சோதனை இருக்கிறது என்பது தெரிந்தால் போதும். ஆசையாக வாங்கிய பாட்டிலைப் பறிகொடுத்துவிட்டு வருகிற பலரும் பெட்டியைச் சரியாகத்தான் கட்டியிருப்பார்கள். நடுவில் விமானம் மாறும் ஊரை மறந்திருப்பார்கள். அதனால் இந்த வேலையைப் பாட்டிலை வைத்துத் தொடங்காதீர்கள். டிக்கெட்டை வைத்துத் தொடங்குங்கள்.

டிக்கெட்டை விரித்து வையுங்கள்

உங்கள் பயணம் பெரும்பாலும் மூன்றில் ஒரு வகையாக இருக்கும்.

திருச்சியிலிருந்து துபாய், சென்னையிலிருந்து சிங்கப்பூர் என்று நேராகப் போகிற விமானம் முதல் வகை. ஏறும் ஊரில் செக்யூரிட்டியைத் தாண்டிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. இரண்டாவது வகையில் வெளிநாட்டில் ஓரிடத்தில் மாறிப் போவீர்கள்: சென்னையிலிருந்து தோஹா, அங்கிருந்து லண்டன் என்பது போல. நடுவில் இறங்கும் ஊரிலும் கைப்பையை ஸ்கேனரில் வைக்கச் சொல்வார்கள். மூன்றாவது, வெளிநாட்டிலிருந்து வந்து மும்பையிலோ டெல்லியிலோ இறங்கி, உள்நாட்டு விமானம் பிடித்து மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ போவது. நான் பார்த்தவரை சென்ட் பாட்டில் அதிகம் மாட்டிக்கொள்வது இந்த மூன்றாவது வகையில்தான். அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

போகும் வழியில் எங்கெங்கே சோதனை, திரும்பும் வழியில் எங்கெங்கே சோதனை என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த வரிசையில் எந்த ஊரின் விதி கடுமையோ, அதற்கு ஏற்றபடிதான் பை கட்ட வேண்டும். பிரிட்டனில் எடின்பரோ, பர்மிங்ஹாம் விமான நிலையங்களில் புது ஸ்கேனர்கள் வந்ததால் 2025 ஜூலையிலிருந்து கைப்பையில் 2 லிட்டர் வரையான பாட்டிலை அனுமதிக்கிறார்கள். அதை நம்பி 150 மி.லி. பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்பினால், விமானம் மாறும் ஊரில் பழைய 100 மி.லி. விதி காத்திருக்கும். அங்கே பாட்டில் போய்விடும்.

இரண்டு பயம், இரண்டு விதி

விதிகள் குழப்பமாகத் தோன்றுவதற்குக் காரணம், இரண்டு வெவ்வேறு பயங்களிலிருந்து வந்த இரண்டு விதிகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான்.

ஒன்று, நெருப்பு பற்றிய பயம். ஸ்ப்ரே பாட்டிலில் வருகிற பெர்ஃப்யூமில் பெரும்பகுதி எத்தனால். எண்ணெயும் வாசனைப் பொருளும் அதில் கரைந்திருக்கும். அதனால் சரக்குப் போக்குவரத்துக் கணக்கில் பெர்ஃப்யூம், தீப்பிடிக்கும் திரவம் என்ற மூன்றாம் வகுப்பு ஆபத்துப் பொருளாக, ஐ.நா. எண் 1266 என்ற பெயரில் பதிவாகியிருக்கிறது. சொந்த உபயோகத்துக்குப் பயணி எடுத்துப் போகிற சிறு அளவுக்கு மட்டும் விலக்கு கொடுத்திருக்கிறார்கள். செக்-இன் பெட்டிக்கான வரம்பு இந்த விலக்கிலிருந்து வருவது.

மற்றது, வெடிபொருள் பற்றிய பயம். 2006 ஆகஸ்டில் லண்டனிலிருந்து அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்களில் திரவ வெடிபொருளை வைத்துத் தகர்க்கும் சதி பிடிபட்டது. அதன் பிறகுதான் கைப்பையில் 100 மி.லி. என்ற கட்டுப்பாடு உலகம் முழுக்கப் பரவியது. இந்த விதிக்கு உள்ளே இருப்பது சென்டா, ஷாம்பூவா, தேங்காய் எண்ணெயா என்பது ஒரு பொருட்டில்லை. திரவமா, எவ்வளவு பெரிய பாட்டில் என்பது மட்டும்தான் கேள்வி.

இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால், "அத்தரில் ஆல்கஹால் இல்லையே, ஏன் தடுக்கிறீர்கள்?" என்று செக்யூரிட்டியில் வாதாடிக்கொண்டு நிற்க மாட்டீர்கள்.

கைப்பைக்கு

பன்னாட்டு விமானத்தில் ஒவ்வொரு பாட்டிலும் 100 மி.லி. அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். எல்லாப் பாட்டில்களும் ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள, ஒளி ஊடுருவும், மூடித் திறக்கும் ஒரே ஜிப்லாக் கவருக்குள் நெருக்கமில்லாமல் அடங்க வேண்டும். கவர் முழுசாக மூட வேண்டும். ஆளுக்கு ஒரு கவர். ஏறக்குறைய 20 செ.மீ.க்கு 20 செ.மீ. கவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பற்பசை, முகக் கிரீம், லிப் கிளாஸ், தலைக்கு வைக்கும் ஜெல் எல்லாமே அதே கவரில்தான் இடம் பிடிக்கும். ஆகவே நூறு மி.லி. பாட்டில் பத்து கொண்டு போகலாம் என்று கணக்குப் போடாதீர்கள். கண்ணாடி பாட்டிலின் பருமனுக்கு நாலைந்து வைத்தாலே கவர் மூடாது.

பாட்டிலின் அளவைத்தான் பார்ப்பார்கள், உள்ளே மிச்சமிருக்கும் சென்டின் அளவை அல்ல. இதில் தடுக்கி விழுகிறவர்கள் ஏராளம். ஒரு முறை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர், அடியில் இரண்டு விரற்கடை மட்டும் சென்ட் மிச்சமிருந்த பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

"தம்பி, பாருங்க, கால் பாட்டில்கூட இல்ல."

"பாட்டில்ல என்ன எழுதியிருக்கோ அதுதான் சார் கணக்கு. இது 125."

அந்த அதிகாரி குரலை உயர்த்தவில்லை, இறங்கி வரவுமில்லை. பாட்டில் அங்கேயே தங்கிவிட்டது.

அதனால் வீட்டிலேயே பாட்டிலைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். அமெரிக்கத் தயாரிப்புகளில் அவுன்ஸ் கணக்கு முன்னால் இருக்கும்: 3.4 அல்லது 3.3 என்றிருந்தால் 100 மி.லி., 1.7 என்றால் 50, 4.2 என்றால் 125. லேபிள் உரிந்துபோன பாட்டிலைக் கைப்பையில் வைக்காதீர்கள். அளவைக் காட்ட முடியாத பாட்டிலை அதிகாரி ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

நம் ஊர்க் கடைகளில் வாங்குகிற பாடி ஸ்ப்ரே டப்பாக்களில் பல 120, 150 மி.லி. அளவில் வருகின்றன. பெர்ஃப்யூம் பாட்டிலைக் கவனமாகப் பார்த்து எடுத்தவர்கூட டியோடரன்ட் டப்பாவை யோசிக்காமல் கைப்பையில் போட்டுவிடுவார். பன்னாட்டுப் பயணத்தில் அது போகாது. செக்-இன் பெட்டியில் போடுங்கள்.

உள்நாட்டு விமானத்தில் திரவங்கள் மேல் அவ்வளவு கெடுபிடி இருப்பதில்லை, தண்ணீர் பாட்டிலோடுகூட உள்ளே விடுகிறார்கள். ஆனாலும் பெர்ஃப்யூமுக்கு 100 மி.லி. வரம்பையே பிடித்துக்கொள்ளுங்கள். வாசலில் நிற்கிற சி.ஐ.எஸ்.எஃப். (மத்திய தொழிற்பாதுகாப்புப் படை) அதிகாரியின் முடிவுதான் இறுதி முடிவு. விலை கூடிய பொருளை வைத்துக்கொண்டு அந்த முடிவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

செக்-இன் பெட்டிக்கு

இங்கே தாராளம். ஒரு பாட்டில் அல்லது டப்பா அரை லிட்டர் வரை இருக்கலாம். மொத்தம் ஆளுக்கு 2 லிட்டர் அல்லது 2 கிலோ. இந்த மொத்தத்தில் கைப்பையில் வைத்திருப்பதும் சேரும்; ஹேர் ஸ்ப்ரே, ஷேவிங் ஃபோம், நகப்பூச்சு போன்றவையும் சேரும். 100 மி.லி. பாட்டில்களாகக் கணக்கிட்டால் இருபது வரும். சொந்த உபயோகத்துக்கும் உறவினர்களுக்குக் கொடுப்பதற்கும் இது தாராளமாகப் போதும்.

மதுவுக்குச் சுங்கத்தில் 2 லிட்டர் என்று ஒரு வரம்பு இருக்கிறது. இரண்டும் ஒரே எண் என்பதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். மது வரம்பு வரி தொடர்பானது, சென்ட் வரம்பு விமானத்தின் பாதுகாப்பு தொடர்பானது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை.

ஸ்ப்ரே டப்பாவாக இருந்தால் மூடி கட்டாயம். டியோடரன்ட் டப்பாவில் வாசனையைத் தள்ளிக்கொண்டு வருவது பெரும்பாலும் பியூட்டேன், புரோப்பேன் வாயு. சமையல் எரிவாயுவில் இருப்பதும் இவைதான். மூடியில்லாத டப்பா பெட்டிக்குள் ஒரு ஷூவின் அடியில் அமுங்கினால் அந்த வாயு முழுக்கப் பெட்டிக்குள் கசிந்துவிடும். மூடி தொலைந்திருந்தால் அந்த டப்பாவை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

ரூம் ஃப்ரெஷ்னர் ஸ்ப்ரே இந்த விலக்குக்குள் வராது. உடம்புக்குப் போடுவதற்குத்தான் விலக்கு. தீப்பிடிக்கும் வாயுவால் இயங்கும் ரூம் ஸ்ப்ரே, பூச்சி மருந்து ஸ்ப்ரே எதையும் எந்தப் பெட்டியிலும் வைக்கக் கூடாது. பூஜைப் பொருள்களோடு கற்பூரத்தையும் சேர்த்துக் கட்டுகிற வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அது தீப்பிடிக்கும் திடப்பொருள். கைப்பை, செக்-இன் இரண்டிலுமே கூடாது. ஊதுபத்திக்கு இந்தத் தடை இல்லை.

கசிவு ஏன் வருகிறது, எப்படிக் கட்டுவது

விமானத்தின் அடியில் சாமான் வைக்கும் அறையில் காற்றழுத்தமே இருக்காது, அதனால் பாட்டில் வெடித்துவிடும் என்று சொல்கிறவர்கள் உண்டு. பயணிகள் விமானத்தில் அந்த அறையிலும் நாம் உட்கார்ந்திருக்கும் கேபின் அளவுக்கே அழுத்தம் இருக்கும். ஆனால் அந்தக் கேபின் அழுத்தம் தரையில் இருப்பதைவிடக் குறைவு. 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருக்கும் அழுத்தத்துக்குச் சமம் அது. ஊட்டி இருப்பது ஏறக்குறைய 7,350 அடியில். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் ஊட்டி போய்ச் சேரும்போது உப்பிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் ஒவ்வொரு விமானப் பயணத்திலும் உங்கள் சென்ட் பாட்டிலுக்குள் நடக்கிறது.

உள்ளே இருக்கிற காற்று மூன்றில் ஒரு பங்கு கூடுதல் இடம் கேட்கும். இடம் கிடைக்காதபோது திரவத்தை வெளியே தள்ளப் பார்க்கும். இதிலிருந்து ஒரு பயனுள்ள முடிவு கிடைக்கிறது: பாதி காலியான பாட்டில்தான் அதிகம் கசியும், ஏனென்றால் அதில்தான் காற்று அதிகம். நிரம்பிய புதுப் பாட்டிலுக்குப் பயம் குறைவு. பயன்படுத்திக்கொண்டிருக்கும் பாட்டிலை வீட்டில் வைத்துவிட்டு, வேண்டிய அளவைச் சிறு குப்பியில் எடுத்துப் போவதே நல்லது.

அடுத்து, பாட்டிலின் கழுத்தைப் பாருங்கள். ஸ்ப்ரே மூக்கைச் சுற்றியுள்ள உலோக வளையத்தைக் கையால் திருகிப் பாருங்கள். திரும்பவில்லை என்றால் அது ஆலையில் அழுத்தி மூடியது, பெரும்பாலும் கசியாது. திரும்பினால் திருகு மூடி. கசிய வாய்ப்பு உண்டு. கண்ணாடி அடைப்பானைச் செருகி வைக்கும் அலங்காரப் பாட்டில்கள் இருக்கின்றனவே, அவற்றை அப்படியே எடுத்துப் போகவே போகாதீர்கள்.

கட்டும் முறை இதுதான். திருகு மூடியாக இருந்தால் கழற்றி, வாயில் ஒரு துண்டு பிளாஸ்டிக் தாளை விரித்து, அதன்மேல் மூடியை இறுக்குங்கள். ஸ்ப்ரே பாட்டிலாக இருந்தால், அழுத்தும் மூக்கு தற்செயலாக அமுங்காதபடி மேல் மூடியைப் போட்டு, மூடிக்கும் பாட்டிலுக்கும் சேர்த்துக் குறுக்காக ஒரு டேப் ஒட்டுங்கள். சுற்றி ஒட்டுவதைவிட, மூடியின் உச்சியிலிருந்து இரு பக்கமும் இறங்குகிற மாதிரி ஒட்டுவது பிடிமானமாக இருக்கும். சாதாரண செல்லோ டேப் கண்ணாடியில் பசையை விட்டுவிடும். துணிக் கடைகளில் பார்சலுக்கு ஒட்டும் பழுப்பு டேப் இன்னும் மோசம். மருந்துக் கடையில் கிடைக்கும் காகித சர்ஜிக்கல் டேப் நன்றாக ஒட்டும், சுத்தமாக உரிந்தும் வரும்.

பிறகு ஜிப்லாக் கவரில் போட்டு, உள்ளிருக்கும் காற்றைக் கையால் தள்ளி வெளியேற்றி மூடுங்கள். காற்றோடு மூடினால் மேலே போனதும் கவரே உப்பிப் பிளந்துகொள்ளும். அந்தக் கவரை இன்னொரு கவரில் போடுவது வீண் வேலை அல்ல. அட்டைப் பெட்டி இருந்தால் அதற்குள் வைத்து, தடித்த சாக்ஸிலோ கைத்துண்டிலோ சுற்றி, பெட்டியின் நட்ட நடுவில், நான்கு பக்கமும் துணி சூழ வையுங்கள். ஓரத்தில் வைத்தால் பெட்டியைத் தூக்கிப் போடும்போது அடி நேராகப் பாட்டிலுக்குப் போகும். சக்கரங்கள் இருக்கும் அடிப்பக்கமும் வேண்டாம்.

பெட்டிக்குள் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். முறுக்கு, இட்லிப் பொடி, காபித் தூள் எதுவும் சென்ட் பாட்டிலுக்கு அருகில் இருக்கக் கூடாது. கசியாவிட்டாலும் காபித் தூள் வாசனையை இழுத்துக்கொள்ளும். பட்டுப் புடவையைத் தனிக் கவரில் போட்டு எதிர்ப்பக்கம் வையுங்கள். சென்ட் பட்ட ஜரிகை கறுத்துவிடும், அதற்கு மருந்தில்லை. வாய்ப்பிருந்தால் சாப்பாட்டுச் சாமான் ஒரு பெட்டியிலும் வாசனைச் சாமான் வேறொரு பெட்டியிலும் போகட்டும்.

சிறு குப்பிக்கு மாற்றுவது

5, 8, 10 மி.லி. அளவில் பயண ஸ்ப்ரேக்கள் கிடைக்கின்றன. உள்ளே கண்ணாடிக் குழாயும் வெளியே அலுமினிய உறையும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். வாரக்கணக்கில் தங்கும் பயணத்துக்குக்கூட 10 மி.லி. தாராளம்.

குப்பியின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். பெரிய பாட்டிலின் ஸ்ப்ரே மூக்கை மேல்நோக்கி இழுத்தால் கழன்று வரும், கீழே மெல்லிய தண்டு தெரியும். அந்தத் தண்டின்மேல் குப்பியின் அடித்துளையைப் பொருத்தி, செங்குத்தாக வைத்து மேலும் கீழுமாக அழுத்துங்கள். சென்ட் ஏறுவது பக்கவாட்டுக் கண்ணாடியில் தெரியும். முழுக்க நிரப்பாமல் மேலே கொஞ்சம் இடம் விடுங்கள், சூட்டில் ஆல்கஹால் விரிவதற்கு அந்த இடம் வேண்டும். நிரப்பியதும் துடைத்து, ஒரு இரவு காகிதத் துண்டின்மேல் படுக்க வைத்துப் பாருங்கள். காலையில் காகிதத்தில் கறை இருந்தால் அந்தக் குப்பி பயணத்துக்கு உதவாது. கிளம்புகிற அன்று நிரப்பினால் இதைச் சோதிக்க நேரமிருக்காது என்பதால் இரண்டு நாள் முன்னாலேயே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

சென்டின் பெயரையும் அளவையும் ஒரு சிறு லேபிளில் எழுதி ஒட்டுங்கள்.

அத்தரும் ஊத்தும்

வளைகுடாவில் வேலை செய்கிறவர்கள் ஊருக்கு வரும்போது அத்தர் கொண்டுவராத பயணம் குறைவு. அத்தர் எண்ணெயில் அமைந்தது, அளவிலும் சிறியது. 3, 6, 12 மி.லி. குப்பிகள்தான் வழக்கம், 12 மி.லி. குப்பியை ஒரு தோலா என்று கணக்குச் சொல்வார்கள். ஆகவே 100 மி.லி. வரம்பு ஒரு தொந்தரவே இல்லை, ஜிப்லாக் கவருக்குள் போட்டால் போதும். ரோல்-ஆன் குப்பி என்றால் மூடியை இறுக்கித் தனிக் கவரில் வையுங்கள். ஆல்கஹால் கசிந்தால் பெரும்பாலும் ஆவியாகிவிடும், அத்தர் கசிந்தால் துணியில் எண்ணெய்க் கறை நிற்கும்.

அகில் மரத்திலிருந்து கிடைக்கும் ஊத் விஷயத்தில் இன்னொரு சட்டம் இருப்பது பலருக்குத் தெரியாது. அகில் மரமான அக்விலேரியா இனங்கள் சைட்டீஸ் என்னும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் பாதுகாக்கப்பட்டவை. சொந்த உபயோகத்துக்கு ஒருவர் 1 கிலோ வரை ஊத் கட்டைச் சீவல், 24 மி.லி. வரை ஊத் எண்ணெய், இரண்டு மணிமாலை கொண்டு செல்ல அந்த ஒப்பந்தத்தில் விலக்கு உண்டு. எல்லா நாடும் இந்த விலக்கை ஒரே மாதிரி நடைமுறைப்படுத்துவதில்லை, எனவே அளவு அதற்குள்ளேயே இருக்கட்டும், கடை ரசீதைக் கையில் வைத்திருங்கள். கடையில் பாக்கெட் செய்து விற்கிற, ஊத் கலந்த பெர்ஃப்யூம் பாட்டிலுக்கு இந்தக் கவலை இல்லை.

புகை போடும் வாசனைப் பொருளான பகூர் வாங்கும்போது அதை எரிக்கக் கரி வில்லைகளையும் சேர்த்துக் கட்டிக் கொடுப்பார்கள். தீக்குச்சி காட்டியதும் பொறி பறந்து தானே பற்றிக்கொள்ளும் வகை அது. விமானத்தில் எந்தப் பையிலும் அதற்கு இடமில்லை. பகூரை மட்டும் எடுத்துக்கொண்டு கரியை அங்கேயே கொடுத்துவிடுங்கள். ஊரில் கரிக்குப் பஞ்சமில்லை.

டூட்டி ஃப்ரீயில் வாங்குவதற்கு முன்

செக்யூரிட்டி தாண்டிய பிறகு டூட்டி ஃப்ரீ என்னும் வரியில்லாக் கடையில் வாங்கும் பாட்டில் 100 மி.லி.க்கு மேல் இருந்தாலும் கையில் கொண்டு போகலாம். கடைக்காரர் அதை ஒரு முத்திரைப் பையில் போட்டு, ரசீது வெளியே தெரியும்படி உள்ளே வைத்து ஒட்டித் தருவார். விளிம்பில் சிவப்புப் பட்டை இருக்கும். கடைசி ஊர் போய்ச் சேரும்வரை அதைப் பிரிக்கவே கூடாது. முகர்ந்து பார்க்க, மனைவிக்குக் காட்ட, படம் எடுத்து அனுப்ப என்று எதற்காகப் பிரித்தாலும் அடுத்த சோதனையில் அது சாதாரண பாட்டில் ஆகிவிடும்.

பணம் கொடுப்பதற்கு முன் கடைக்காரரிடம் முழுப் பயணத்தையும் சொல்லுங்கள். "நான் இங்கிருந்து தோஹா, தோஹாவிலிருந்து லண்டன் போகிறேன், முத்திரைப் பையில் போட்டுத் தாருங்கள்" என்று சொல்லி, போர்டிங் பாஸையும் காட்டுங்கள். நேர் விமானம் என்று நினைத்துச் சாதாரணக் கடைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டால், மாறும் ஊரில் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். சிங்கப்பூர் சாங்கியில் முதல் மூன்று முனையங்களில் கடைகள் முன்னாலும் செக்யூரிட்டி சோதனை பின்னால் விமான வாயிலிலும் இருக்கும். அங்கே நேர் விமானத்துக்குக்கூட முத்திரைப் பை தேவை.

இப்போது அந்த மூன்றாவது வகைப் பயணத்துக்கு வருகிறேன். துபாயில் 150 மி.லி. பாட்டில் வாங்கி, முத்திரைப் பையோடு மும்பையில் இறங்குகிறீர்கள். அடுத்து மதுரைக்கு உள்நாட்டு விமானம். மும்பையில் குடியேற்றச் சோதனை முடிந்து, பெல்ட்டில் உங்கள் செக்-இன் பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி அதை விமான நிறுவனத்திடம் ஒப்படைப்பீர்கள். பெட்டியை எடுப்பதற்கும் ஒப்படைப்பதற்கும் நடுவே கிடைக்கும் அந்தச் சில நிமிடங்களை விட்டுவிடாதீர்கள். டூட்டி ஃப்ரீ பாட்டிலைக் கைப்பையிலிருந்து எடுத்துச் செக்-இன் பெட்டிக்குள் மாற்றுங்கள். அதற்கென்றே துபாயில் கிளம்பும்போது பெட்டியின் நடுவில் ஒரு கைத்துண்டையும் காலி ஜிப்லாக் கவரையும் வைத்துவிடுங்கள், எடையிலும் ஒரு கிலோ மிச்சம் வையுங்கள். மாற்றாமல் கையில் வைத்துக்கொண்டு உள்நாட்டுச் செக்யூரிட்டிக்குப் போனால், முத்திரைப் பையை மதிப்பார்களா மாட்டார்களா என்பது அந்த நேரத்து அதிகாரியைப் பொறுத்தது.

அமெரிக்காவுக்குப் போகிறவர்களுக்கும் இதே வழிதான். முதலில் இறங்கும் ஊரில் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும், அங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள். அமெரிக்கா செல்லும் விமானங்களில் 350 மி.லி.க்கு மேற்பட்ட பவுடர் டப்பாவையும் கைப்பையில் தவிர்த்து, செக்-இன் பெட்டியில் வையுங்கள். முகப் பவுடர், சந்தனப் பொடி எல்லாம் அதில் அடக்கம்.

ஊருக்குப் பரிசு வாங்குவது மட்டும்தான் நோக்கம் என்றால், சென்னை போன்ற பன்னாட்டு முனையங்களில் வந்திறங்கும் பக்கமும் டூட்டி ஃப்ரீ கடை இருப்பதை நினைவில் வையுங்கள். தேர்வு குறைவாக இருக்கலாம், ஆனால் சுமக்கிற வேலை இல்லை.

செக்யூரிட்டி வரிசையில்

ஜிப்லாக் கவரைக் கைப்பையின் மேல் அறையில் வையுங்கள். டிரே வந்ததும் கேட்காமலே வெளியே எடுத்து வையுங்கள். பாட்டில் தடுக்கப்பட்டால் வாக்குவாதத்தில் நேரத்தைச் செலவழிக்காமல், விமானத்துக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பாருங்கள். நேரம் இருந்தால் விமான நிறுவன ஊழியரை அழைத்து, திரும்பிப் போய்ச் செக்-இன் செய்ய முடியுமா என்று கேளுங்கள். தனியாக ஒரு பாட்டிலைச் செக்-இன் செய்ய முடியாது. கைப்பையையே பெட்டியாக ஒப்படைக்க வேண்டிவரும். அப்படிச் செய்யும் முன் பவர் பேங்கையும் உதிரி பேட்டரிகளையும் வெளியே எடுத்துவிடுங்கள், அவை அடியில் போகக் கூடாது. வழியனுப்ப வந்தவர் இன்னும் கிளம்பவில்லை என்றால், ஊழியர் உதவியோடு பாட்டிலை அவரிடம் சேர்க்கவும் கேட்டுப் பார்க்கலாம். இரண்டும் முடியாதபோது விட்டுவிட்டுப் போவதுதான் வழி.

பின்னால் தபாலில் அனுப்பச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். தீப்பிடிக்கும் திரவம் என்பதால் பன்னாட்டு விமானத் தபாலில் ஆல்கஹால் கலந்த பெர்ஃப்யூமை ஏற்பதில்லை.

ஏறிய பிறகும் இறங்கிய பிறகும்

கேபினுக்குள் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். மணிக்கணக்கில் ஒரே அறையில் அடைபட்டிருக்கும் இடம் அது. பக்கத்து இருக்கையில் ஆஸ்துமா உள்ளவரோ, ஒற்றைத் தலைவலிக்காரரோ, வாந்தி வரும் நிலையில் உள்ள கர்ப்பிணியோ இருக்கலாம். வீட்டிலிருந்து கிளம்பும்போதே அளவாகப் போட்டுக்கொள்ளுங்கள். இறங்கிய பிறகு வேண்டுமானால் இன்னொரு முறை.

இந்தியாவுக்குத் திரும்பும்போது, வெளிநாட்டில் வாங்கிய பெர்ஃப்யூம் உங்கள் வரியில்லாச் சுங்க வரம்புக்குள் மற்றப் பொருள்களோடு சேர்த்துக் கணக்கிடப்படும். அந்தத் தொகை அவ்வப்போது மாறுவதால், கிளம்பும் முன் மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ரசீதுகளை ஒரே உறையில் வையுங்கள். ஒரே சென்ட் பத்துப் பன்னிரண்டு பாட்டில் இருந்தால், விமானப் பாதுகாப்பு வரம்புக்குள் அடங்கினாலும், விற்பனைக்குக் கொண்டுவந்ததாகச் சுங்க அதிகாரி கருதலாம். சொந்தக்காரர்களுக்குத்தான் என்றால் வெவ்வேறு வகையாக வாங்குவது நல்லது. வரம்பைத் தாண்டியிருந்தால், வரி கட்ட வேண்டிய பொருளை அறிவிப்பதற்கான சிவப்பு வழியில் போய்ச் சொல்லிவிடுங்கள்.

வீடு வந்ததும் பெட்டியை உடனே திறந்து பாட்டில்களைப் பாருங்கள். கசிந்திருந்தால் துணிகளை முதலில் நிழலில் காற்றாட உலர்த்துங்கள். ஈரமும் வாசனையும் இருக்கும்போதே இஸ்திரி போடாதீர்கள், ஆல்கஹால் இன்னும் அதில் இருக்கும். அத்தர்க் கறை என்றால் துவைப்பதற்கு முன் கறைமேல் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம் தடவி ஊற வையுங்கள். பட்டாக இருந்தால் வீட்டில் எதையும் தடவாமல் டிரை கிளீனிங் கடைக்குக் கொடுத்து, எண்ணெய்க் கறை என்று சொல்லிக் கொடுங்கள். உடைந்திருந்தால் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவாதீர்கள். துணிகளை ஒவ்வொன்றாக நுனியைப் பிடித்துத் தூக்கி, தரையில் விரித்த செய்தித்தாளின்மேல் உதறிச் சில்லுகளை எடுத்த பிறகுதான் துவைக்கப் போட வேண்டும்.